வாய்க்காலில் இறங்கி நின்றேன்

பெக்கான் நானாஸ் என்ற ஊரில் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. போன வருடம் அண்ணன் மண்வாரி இயந்திரம் வைத்து வாய்க்காலை ஆழமாக வெட்டினார். அடியிலிருந்து வந்த சாம்பல் நிறச் சேற்றை நல்ல உரம் என்று நம்பி நாங்களே மரத்தடியில் பரப்பினோம். சில மாதங்களில் அந்தச் சேறு மஞ்சளாகிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் துருவின் நிறத்துக்கு மாறியது, மீன்கள் செத்து மிதந்தன.

“தண்ணி சரியா வடியல. இன்னும் ஆழமா வெட்டணும்,” என்றார் அண்ணன்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. விவசாய அலுவலகத்தில் போய்க் கேட்டேன். சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கிறதாம். தண்ணீருக்கு அடியில் அது சும்மா கிடக்கும். காற்றுப் பட்டால், புளிப்பில் செழிக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று அமிலமாக்கிவிடும். அவற்றுக்கு விருந்து வைத்ததே நாங்கள்தான்!

அண்ணன் கேட்கவில்லை. மண்வாரி இயந்திரம் மறுபடி வந்தது. நான் வாய்க்காலில் இறங்கி அதன் முன்னால் நின்றேன்.

“மேல வா! எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும் லா அண்ணே. வெட்டணும்னா என் மேல வெட்டச் சொல்லுங்க.”

ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். அன்றே மணல் மூட்டைகளை அடுக்கி வாய்க்காலை மறித்தேன். தண்ணீர் ஏறி, வாய்க்கால் ஓரத்தில் தெரிந்த சாம்பல் மண்ணைக் காற்றுப் படாமல் மூடியது.

மரங்கள் தேறுமா, தெரியாது. நேற்று யாரோ ஒரு மூட்டையை இழுத்துப் போட்டிருந்தார்கள். யார் என்று அண்ணனிடம் கேட்கவில்லை. அதைத் திரும்ப வைத்து, மேலே இன்னும் இரண்டு மூட்டை அடுக்கினேன்.