ஷிஃப்ட் மாறும் கேள்விகள்

ஆகஸ்ட் 5, 2003. செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.10. வெயில் இல்லை, மழையும் இல்லை. செம்பரம்பாக்கம் பக்கமிருந்து ஈரக் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

வீடு அமைதியாக இருந்தது. ஆறு வயதுப் பேத்தி இருக்கும் வீட்டில் அமைதி என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். உங்களுக்கு?

மாடி அறையை ஆறு பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். எல்லோரும் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னிகள். ஷிஃப்டுக்கு இரண்டு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து நான்கே பாய் — யாராவது இரண்டு பேர் எப்போதும் வேலையில் இருப்பார்களே!

படியேறினேன். பதினேழு படி. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. இரண்டு பெரியது, ஒன்று சின்னது.

உள்ளே, நைட் ஷிஃப்ட் முடித்த செல்வமும் இசக்கியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாள் வழியே வெளிச்சம் டீ நிறத்தில் இறங்கியது. நிலைப்படியில் என் பேத்தி கயல்.

செல்வம் தூக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தான். "நூத்தி எட்டு... நூத்தி ஒம்பது..." ராத்திரி லைனில் முறுக்கிய போல்ட்டுகள் போலிருக்கிறது.

"நூத்திப் பத்து," என்று கிசுகிசுத்தாள் கயல்.

"நூத்திப் பதினொண்ணு," என்றான் அவன்.

"அண்ணா, நூறுலேர்ந்து ஏழு ஏழா எடுத்தா கடைசில எவ்ளோ மிஞ்சும்?"

ஃபேன் ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் போனது.

"ரெண்டு."

கண் திறக்கவில்லை! நான் விரல்விட்டுச் சரிபார்த்தேன். இரண்டேதான்.

கயல் படிப்பது ஒன்றாம் வகுப்பு. மனசு நாலாம் வகுப்பில் இருக்கிறது. ஏதாவது கேட்டால், "அதெல்லாம் மூணாங்கிளாஸ்ல வரும், உக்காரு" என்பார் மிஸ். பகல் பன்னிரண்டரைக்குப் பள்ளி விடும். சேர்த்துவைத்த கேள்விகளோடு நேரே மாடிக்கு ஏறிவிடுவாள்.

அன்று மாலை இசக்கி என்னைத் தனியாகப் பிடித்தான்.

"ஐயா, பாப்பாவ வையாதீங்க. ஆனா பாப்பா வந்தா செல்வம் எந்திரிச்சு உக்காந்து பதில் சொல்லுதான், பகல்ல மூணு மணி நேரந்தான் தூங்குதான். போன வாரம் லைன்ல கண்ணசந்துட்டான், சூப்பர்வைசர் பாத்துட்டாரு. அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன். இன்னொரு தடவ மாட்டுனா ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்."

செல்வத்தையே கேட்டேன். "ஏன்ப்பா, தூங்கணும், கீழே போன்னு சொல்லக் கூடாதா?"

சிரித்தான். "நைட்டு பூரா ஒரே போல்ட்டு ஐயா. ஒரே எடம், ஒரே முறுக்கு. பாப்பா கேக்குத கேள்விதான் தெனமும் புதுசா இருக்கு."

இதற்கு என்ன சொல்வீர்கள்? நான் மாடிப்படிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, பையன்களிடம் ஒரு சாவி கொடுத்தேன். அவனுக்கு வேலை போய்விடக் கூடாதே!

கயல் அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் நாற்பது கேள்வி கேட்பவள், நாலு கேட்டாள். மறுநாள் இரண்டு. வெள்ளிக்கிழமை... சாதம் வேண்டுமா என்றதற்கு ஒரு தலையாட்டல்.

"இன்னா மாமா, கொயந்த வாயே தொறக்கல? சொரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் மருமகள். பள்ளி டைரியில் மிஸ் எழுதியிருந்தார்: 'இப்போது வகுப்பில் அமைதியாக இருக்கிறாள். மகிழ்ச்சி.'

எனக்குத் தூக்கம் போயிற்று. ஆக, வீட்டில் தூங்காதவர் எண்ணிக்கை குறையவே இல்லை.

வழி சொன்னவன் இசக்கி. "லைன்ல ரிலீவர் வந்து நின்னாத்தான் ஐயா நாங்க கையெடுப்போம். விட்ட எடத்துலேர்ந்து அவன் புடிப்பான். பாப்பா கேள்வியையும் அப்படி ஓட்டுனா என்ன?"

"முழிச்சிருக்கும்போது நேரிலேயே சொல்லிக் கொடுக்கலாமே?"

"தண்ணி புடிக்கணும், சோறாக்கணும், துவைக்கணும். நிக்க நேரம் ஏது? எழுதிப்போட ஒரு நிமிசம் போதும்."

வாலாஜாபாத் தச்சரிடம் ஒரு கரும்பலகை செய்து வாங்கி, படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டினேன். பூட்டைக் கழற்றினேன். கயல் கேள்வியை எழுதுவாள். ஷிஃப்டுக்குப் போகும்போதோ வரும்போதோ பையன்கள் விடையில் ஒரு படி எழுதுவார்கள். அடுத்த ஷிஃப்ட் அடுத்த படி. முழுப் பதில் யாரும் எழுதக் கூடாது. மேலே கதவு சாத்தியிருந்தால் கயல் பலகை வரை வந்து திரும்பிவிட வேண்டும்.

முதல் கேள்வி: 'வேன்ல போனா நிலா ஏன் கூடவே வருது?'

காலையில் மூன்று கையெழுத்து இருந்தது. 'மரம் கூட வருதா?' 'கிட்ட இருக்கிற மரம் வேகமாப் பின்னால போகுது. தூரத்து ஏரிக்கரை?' கடைசியில், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த செல்வத்தின் சாய்ந்த எழுத்து: 'பாத்துட்டு வந்து எழுது.'

அன்று வேன் ஜன்னலை விட்டு அவள் முகம் திரும்பவே இல்லையாம். மதியம் செருப்பைக்கூடக் கழற்றாமல், எக்கி நின்று எழுதினாள்: 'ஏரிக்கரை மெதுவாப் போச்சு. நிலா ரொம்ப ரொம்ப தூரம். அதான் நம்மால தாண்டிப் போக முடியல.'

நான் அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

வேகமாக ஓடும் குழந்தைக்குக் கூட ஓட ஆள் தேவையில்லை போலிருக்கிறது. 'அது அடுத்த வருஷம்' என்று சொல்லாத ஒரு பலகை போதும்.

நேற்று செல்வம் வந்தான். கையில் கன்ஃபர்மேஷன் ஆர்டர், அரைக் கிலோ மிக்சர். இப்போதெல்லாம் நாலு மணி வரை தூங்குகிறான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதுகொடுத்தேன்... தூக்கத்தில் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறான்.

பலகை 240. சாக்பீஸ் இரண்டு டப்பா 24. ஆணி 6. டஸ்டருக்கு என் பழைய பனியன். ஆக மொத்தம், இருநூற்று எழுபது ரூபாய்.