அக்காவின் கம்ப்யூட்டரை ஊமையாக்கியவன்

தெருவில் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கிறது. பாங்கில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும்.

பிறவியிலேயே கண் தெரியாது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் தொலைந்தார்கள். ஒருமுறை காய்கறிக் கடைக்காரர், பார்க்கவா போகிறாள் என்று பையின் அடியில் நாலு அழுகல் தக்காளியைத் தள்ளிவிட்டார். அக்கா வீட்டில் வந்து முகர்ந்து பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்துப் போய், தக்காளியை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்து, "இது நல்லாருக்கா? கடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். மனிதர் இன்றைக்கும் அவள் கைத்தடிச் சத்தம் கேட்டாலே முதல் தரத்தைத் தனியாக எடுத்து வைக்கிறார். மறப்பதும் மன்னிப்பதும் அவளுக்குக் கைவராத வேலைகள். எனக்கென்னவோ இதில் பெரிய தப்பு ஒன்றும் தெரியவில்லை.

முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். போனை எந்திரமே எடுத்துப் பேச ஆரம்பித்த பிறகு அந்த வேலை போனது. ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டாள். அதே ஆஸ்பத்திரிக்கு, வீட்டிலிருந்தபடியே. ஒரு காதில் டாக்டர் பேசுவார். இன்னொரு காதில் கம்ப்யூட்டர் பேசும். திரையில் என்ன இருந்தாலும் வாசித்துச் சொல்கிற மென்பொருள் அது. ஏற்ற இறக்கம் எதுவுமில்லாத ஆண் குரல். இடைவிடாமல் பேசுவதால் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தாள்.

டாக்டர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள். அதனால் அக்கா சுருக்கங்கள் செய்து வைத்திருந்தாள். மூன்று எழுத்தைத் தட்டினால் ஒரு முழு வாக்கியம் வந்து விழும். வருஷக்கணக்காகச் சேர்த்தவை அவை. அவற்றின் தயவில்தான் மற்றவர்கள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவள் மூன்று பக்கம் முடிப்பாள். அந்த வீட்டு வாடகையும் அடுப்பும் ஓடியது அதில்தான். தம்பி கணக்கு எழுதிய கிடங்கை மூடிவிட்டார்கள், அவன் வீட்டோடு இருந்தான். தம்பி மனைவி ஒரு மருந்துக் கடையில் நின்று சம்பாதித்தாள். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்ளாமல் காலத்தை ஓட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது. வாயாடி வரவில்லை. ஸ்பீக்கர் ஒயரை அழுத்திப் பார்த்தாள், அணைத்துப் போட்டாள். மூச்சில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சைக் குறிப்புகள் போய்ச் சேர வேண்டும். இந்த முறை தாமதமானால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் முன்னமே சொல்லியிருந்தார்கள். 

"டேய், இங்க வா. திரையில என்ன தெரியுது?"

தம்பி வந்து நின்றான். "சிவப்பா ஒரு கேடயம் போட்டிருக்குக்கா. ஏகப்பட்ட வைரஸ் இருக்காம். முழுசா பாதுகாப்பு வேணும்னா வாங்கச் சொல்லுது. செக்யூரிட்டி சாஃப்ட்வேர்தான், நல்லதுதானே."

"நல்லதுன்னா என் வாயாடி எங்க?"

"அதுதான் வைரஸோ என்னவோ."

"இதை யாரு உள்ள விட்டது?"

"தானா வந்திருக்கும்." சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் நழுவினான்.

அக்கா கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். அவர் வெளியூரில் இருந்தார். கேடயம் என்று கேட்டதுமே கத்தினார்.

"போலீஸ் உடுப்பு போட்ட திருடன் மேடம் அது! வைரஸ் இருக்குன்னு பொய் சொல்லிக் காசு பிடுங்கும். நல்ல சாஃப்ட்வேரை எல்லாம் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடும். கார்டு நம்பரை மட்டும் கொடுத்துடாதீங்க."

"எப்படித் தூக்கறது?"

"சுத்தமா அழிச்சுட்டு மறுபடி ஏத்தலாம். ஆனா உங்க சுருக்கம் எல்லாம் போயிடும். காப்பி வெச்சிருக்கீங்களா?"

காப்பி எடுத்து வைக்கச் சொல்லித் தம்பியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அவன் எடுக்கவில்லை. அக்கா பல்லைக் கடித்தாள்.

"அப்ப சேஃப் மோடுதான் வழி" என்றார் அவர். "அத்தியாவசியமானது மட்டும் ஓடும். திருடன் எழுந்திருக்க மாட்டான், அப்பவே அவன் ஃபோல்டரை அழிச்சிடலாம். சிக்கல் என்னன்னா, அதுல சவுண்டும் வராது. கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வாசிச்சுச் சொல்லணும்."

எந்தச் சாவியை எப்போது அழுத்துவது, எதை அழிப்பது, எதைத் தொடவே கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா ஒருமுறைதான் கேட்டாள். மிச்சத்தைக் கூட்டித் துடைக்கும் ஒரு நல்ல மென்பொருளை, அக்கா போன் போட்டுச் சொன்னதும், தம்பி மனைவி மருந்துக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கி, வாயாடியையும் சேர்த்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான் உக்காந்து படிக்கட்டுமா அண்ணி? அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன்."

"வேணாம்மா. வீட்டுல சும்மா இருக்கறவன் படிக்கட்டும்."

தம்பி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுச் சாவியைத் தட்டினாள். ஒரு நொடி பிந்திவிட்டது. சேஃப் மோடுக்குப் போகாமல் பழையபடியே திறந்துகொண்டது.

"என்ன வந்திருக்கு?"

"அதே கேடயம்தான்க்கா. கூட ஒரு பெட்டி. ஆபத்தான சாஃப்ட்வேரை நீக்கியாச்சாம். சரி, திரும்ப அணைச்சிடு."

"முழுசாப் படி."

"படிச்சிட்டேனே."

அவன் குரல் மென்று விழுங்கியது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. டெலிபோனில் பத்தாயிரம் பொய்களைக் கேட்ட காது அது. தம்பி மனைவி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அவளைக் கூப்பிட்டு, பெட்டியில் இருப்பதை அப்படியே வாசிக்கச் சொன்னாள்.

அவள் குனிந்து வாசித்தாள். அந்தக் குரல் மென்பொருளை, அதன் பெயரைப் போட்டே, உங்கள் அனுமதியுடன் நேற்று மாலை நீக்கிவிட்டோம் என்றிருந்தது. மிச்சம் மீதியையும் நீக்கட்டுமா என்று கேட்டிருந்தது. வாசித்து முடித்ததும் அவள் தன் புருஷனைப் பார்த்தாள்.

நேற்று மாலை அக்கா பல் டாக்டரிடம் போயிருந்தாள். வீட்டில் தம்பி மட்டும்தான்.

"நீயாடா அமுக்கினே?"

தம்பி முக்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

"பேரைப் பார்த்துட்டுத்தான் அமுக்கினியா?"

"...ஆமா."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எவனோ முகம் தெரியாத திருடன் செய்திருந்தால் சாபம் விட்டு ஆற்றிக்கொள்ளலாம். கூடப் பிறந்தவன், அவள் உலையில் வெந்ததைத் தின்கிறவன், தெரிந்தே அவள் குரல்வளையில் கை வைத்திருக்கிறான். அந்த நொடியில் அவனை எழுப்பித் தெருவில் தள்ளியிருப்பாள். ஆனால் சாயங்காலம் குறிப்புகள் போக வேண்டுமே. தம்பி மனைவி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க எழுந்திருங்க. நான் படிக்கிறேன்."

"நீ கடைக்குப் போம்மா" என்றாள் அக்கா. "இவன்தான் படிக்கணும். வாயாடியை அனுப்பினவன் அதோட வேலையைச் செய்யட்டும்."

இரண்டாம் முறை சாவி சரியாக விழுந்தது. அதன் பிறகு அவள் அவனைப் பாடாய்ப் படுத்திய அழகை என்னவென்று சொல்வது! வாயாடி எப்படி வாசிக்குமோ அப்படியே வாசிக்க வேண்டும் என்றாள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை, ஒரு புள்ளி விடாமல். குரலில் ஏற்ற இறக்கம் கூடாது. "சலிச்சுக்காதே, அது சலிச்சுக்காது." பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். வேகம் போதாது என்றாள், வேகமாகச் சொன்னால் புரியவில்லை, முதலிலிருந்து என்றாள். தண்ணீர் குடிக்க எழுந்தவனை, "அது தண்ணி குடிக்காது" என்று உட்கார வைத்தாள்.

திருடனின் ஃபோல்டர் கடைசியில் அகப்பட்டது. எந்த மொழியிலும் சேராத எழுத்துகளில் ஒரு பெயர்.

"அழிக்கட்டுமான்னு கேக்குது. ஆமாம், பொத்தான். இல்லை, பொத்தான்."

"கையை எடு. அது என் வேலை." அக்கா விரலை ஓங்கி ஆமாம் என்று அமுக்கினாள். அந்த அடி அவனுக்கும் சேர்த்துத்தான்.

பென்டிரைவிலிருந்த மென்பொருள் மூலை முடுக்கெல்லாம் துழாவ ஆரம்பித்தது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையில் எண் ஏறும். அதையும் ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். முப்பதைத் தாண்டியதும் தொண்டை கட்டியது. நாற்பத்தொன்றில் அப்படியே நின்றுவிட்டான்.

"நாப்பத்திரண்டு வரலியா?"

"வந்துடுச்சு." அவன் குரல் உடைந்தது. "உனக்கு என்னக்கா தெரியும்? அன்னிக்கு நான் வேலைக்குப் போட்ட மெயிலுக்குப் பதில் வந்துச்சு. இதே ஹால்ல. என் பொண்டாட்டியும் இருந்தா, பக்கத்து வீட்டம்மா உக்காந்திருந்தாங்க. நான் திறந்த உடனே உன் மெஷின் ஊருக்கே கேக்கற மாதிரி வாசிச்சுது. உங்களைத் தேர்வு செய்ய இயலாததற்கு வருந்துகிறோம். எனக்கு அதை எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. கடைசி வரைக்கும் வாசிச்சுது. அனுப்பினவன் பதவி, போன் நம்பர், எல்லாம். பக்கத்து வீட்டம்மா காப்பியை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. அப்புறமும் எத்தனையோ மெயில் போட்டேன். பதில் வந்திருக்கான்னு பார்க்கவே பயம். நேத்து அந்தப் பெட்டி வந்து, இந்தச் சத்தம் போடறதை நீக்கட்டுமான்னு கேட்டுச்சு. நீக்குடான்னு அமுக்கிட்டேன்."

அக்காவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அடுப்படியில் நின்றபடி அவளும் கேட்டாள். வாயாடி அந்த வரியை வாசித்தபோது பக்கத்து வீட்டம்மா டம்ளரைக் கீழே வைத்த சத்தமும் நினைவுக்கு வந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் கோபம் கரைந்துவிடுமே, அந்தக் கோபம் அவளுக்கு வேண்டியிருந்தது. உன் வாயைப் பொத்த என் வாயை அறுப்பாயா என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப எத்தனை?"

"...நாப்பத்தேழு."

"நடுவுல விட்டதையும் சொல்லு."

சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்பத்திரண்டிலிருந்து சொன்னான்.

நூறு வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள். கேடயம் வரவில்லை என்று அவன் இரண்டு முறை பார்த்துச் சொன்னான். வாயாடியை மறுபடி ஏற்றினாள். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த உப்புச் சப்பில்லாத குரல், திரையில் இருந்ததையெல்லாம் கடகடவென்று ஒப்பிக்கத் தொடங்கியது. அக்கா இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  தம்பி பார்த்தான் என்றால் பார்த்துக்கொள்ளட்டும். சுருக்கங்கள் ஒன்றுகூடப் போகவில்லை. உட்கார்ந்தாள், பேய் மாதிரி அடித்தாள், வெயில் இறங்குவதற்குள் கடைசிக் குறிப்பையும் அனுப்பிவிட்டாள்.

தம்பி அதுவரை முக்காலியை விட்டு நகரவில்லை. போகலாமா என்று கேட்கவும் பயம்.

"மன்னிச்சிடுக்கா."

"மாட்டேன்" என்றாள் அக்கா. "இனிமே இந்தக் கம்ப்யூட்டர்ல உன் விரல் பட்டா முறிச்சிடுவேன்."

"சரி." எழுந்தான்.

"எங்க போற? உக்காரு."

உட்கார்ந்தான். அவள் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். வெற்றுப் பக்கம் என்றது வாயாடி.

"நீ என்னென்ன வேலை பார்த்திருக்கே, எத்தனை வருஷம், எல்லாம் சொல்லு. நான் அடிக்கிறேன். நீ அடிச்சா தப்புத் தப்பா அடிப்பே, அதான் எவனும் கூப்பிடல. நாளைக்கு ஆஸ்பத்திரிக் கிடங்குக்கு அனுப்பறேன். அங்க ஆள் தேடறாங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் இரக்கம் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று தேடினான்.

"பதில் எனக்கு வருமா, உனக்கு வருமாக்கா?"

"எனக்கு."

"என்னன்னு வந்தா?"

அக்கா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகி வைத்தாள்.

"வாயாடி வாசிக்கும். நீ இங்கேயே உக்காந்து கேப்பே."