காகிதத்தில் முதலில் இறங்கிய எஞ்சின்

முடிச்சூர் பக்கம் மழைத்தண்ணீருக்குள் காரை விட்டது அறியாமையால் அல்ல. ஆழம் தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது என்ற விதி எனக்கு நன்றாகவே தெரியும். முன்னால் போன பேருந்துக்குத் தெரியவில்லை. நான் அதன் பின்னால் போனேன். பேருந்து அக்கரை சேர்ந்தது. என் கார் பாதி வழியில் தண்ணீர் குடித்து நின்றது.

பொழிச்சலூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த மெக்கானிக், எஞ்சினைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாற்பது வயதுக்காரர். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"உள்ள ராடு வளைஞ்சு, பிளாக்கு ஒடைஞ்சிருக்கு சார். இத்த இறக்கிட்டு வேற எஞ்சின் போட்ற வேண்டிதான். படப்பைல நல்லதா ஒண்ணு கீது. வண்டிய ஷெட்டுக்கு இட்டுனு வந்துருங்க."

வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம் என்றேன். காரணம் எளிது. ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கனமான பொருளைத் தூக்குவது எப்படி என்று அங்கே கையேடு எழுதியதே நான்தான். ஷெட்டில் என் கையேட்டுக்கு மரியாதை இருக்காது. சொந்த வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன்.

விரல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சின்ன வயசுல ஒரு ஷெட்ல, கியர்பாக்ஸ் மேல வுட்டுக்கினேன் சார். அங்க ரூலும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. மிச்சம் ஒம்பதரைய வெச்சு வண்டி ஓடுது."

இங்கே ரூல் உண்டு என்று உறுதியளித்தேன். அன்று மாலையே உட்கார்ந்து முப்பத்தொரு அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை இரண்டு பக்கத்துக்குத் தயாரித்தேன். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுவது, எஞ்சின் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பது, எஞ்சின் மாறியதை ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்வது வரை எதுவும் விடுபடவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். இரண்டு தாள்களையும் ஒரு பரீட்சைப் பேடில் கிளிப் போட்டு மாட்டினேன்.

மறுநாள் காலை வேலை தொடங்கியபோது மெக்கானிக் போர்ட்டிகோவின் பீமை அண்ணாந்து பார்த்தார்.

"இதுலயே செயின் பிளாக்க மாட்டிட்டா ஒரே தம்முல மேல வந்துரும் சார்."

"இந்தப் பீம் காருக்கு நிழல் தருவதாக ஒப்புக்கொண்டதுதான், எஞ்சினைச் சுமப்பதாக அல்ல" என்றேன். மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு வாடகைக்கு வந்தது. காரைத் தூக்கி நிறுத்த அவர் செங்கல் கேட்டார். செங்கல் நொறுங்கும் என்று இரும்புத் தாங்கிகள் வரவழைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், பரீட்ச எழுதற மாதிரி பேஜார் பண்றீங்க?"

ஆனால் பதினோரு மணிக்குள் நிலைமை மாறிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்தோம், பானெட்டைக் கழற்றினோம், ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய தாளை ஒட்டினோம். நான் வாசிக்க, அவர் கழற்ற, நான் டிக் போட்டேன். ஒன்றை முடித்ததும் "அடுத்தது இன்னா சார்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். ஒரு மனிதன் காகிதத்துக்கு வசப்படுவதைப் பார்ப்பதில் எனக்கு என்றுமே ஒரு சுகம் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் எல்லாக் கட்டங்களிலும் முந்தைய மாலையே டிக் போட்டிருந்தேன். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் அதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை தணிக்கை என்றால் வியாழன் மாலையே கட்டங்கள் நிரம்பிவிடும். தணிக்கைக்கு வருகிறவர் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை, கட்டங்களைப் பார்ப்பார். அவரைக் காக்க வைப்பது பண்பல்ல. பட்டியலை எழுதி முடித்ததும் என் கை தானாக வேலை செய்தது. முதல் பக்கத்தில் எப்படியோ நிறுத்திக்கொண்டிருக்கிறது.

மதியம் சாப்பிட்டு எழுந்தோம். எஞ்சினைச் சங்கிலியில் மாட்டி, அதன் முதுகில் இருக்கும் கியர்பாக்ஸோடு அதைப் பிணைக்கும் போல்ட்டுகளை அவர் கழற்றினார்.

"எல்லாம் ஆச்சா சார்?"

நான் பேடைப் பார்த்தேன். இரண்டாம் பக்கம் முழுக்க டிக். "எல்லாம் ஆச்சு."

"அப்ப நான் அடில போய் கியர்பாக்ஸ ஆட்டி வுடறேன். நீங்க மெதுவா செயின இழுங்க."

தொங்கும் சுமைக்கு அடியில் ஆள் இருக்கக் கூடாது என்பது என் பட்டியலின் முதல் அம்சம். ஆனால் தொங்குவது எஞ்சின், அவர் இருப்பது கியர்பாக்ஸுக்கு அடியில் என்று எனக்கு நானே ஒரு விளக்கக் குறிப்பு வழங்கிக்கொண்டேன். சங்கிலியைப் பிடித்தேன்.

அப்போதுதான் என் மனைவி மோர் கொண்டுவந்தாள். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். பேடின் மேல் டம்ளரை வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள்.

"ஏங்க, இதெல்லாம் எப்ப டிக் பண்ணீங்க?"

"அப்பப்ப."

"அப்பப்ப பண்ணா முதல் பக்கம் மாதிரி கிரீஸ் கறை இருக்கும். இது துடைச்ச மாதிரி இருக்கு. எல்லா டிக்கும் ஒரே சாய்வு. ஒரே மூச்சுல அடிச்சது."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"பத்தாவது பேப்பர் திருத்தறப்போ தூக்கம் வந்தா நானே இப்படித்தான் அடிச்சிருக்கேன்." காரின் அடிப்பக்கம் குனிந்தாள். "தம்பி, நீங்க மொதல்ல வெளிய வாங்க."

"இன்னாம்மா ஆச்சு?"

"வாங்க, சொல்றேன்."

அவர் ஊர்ந்து வெளியே வந்தார். நான் சங்கிலியிலிருந்து கையை எடுத்தேன். அவள் இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து உரக்க வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக் குனிந்து பார்த்துப் பதில் சொன்னார். பிறகு பத்தொன்பதாவது.

"கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்குதல்."

ஜாக்கி மாடிப்படிக்குக் கீழே, பழைய துணி போர்த்தி, காலையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. எஞ்சின் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்திருந்தால், பிடிப்பில்லாத கியர்பாக்ஸின் முன்பக்கம் நேராக அவர் கைமேல் இறங்கியிருக்கும். சங்கிலியின் மறுமுனை என் கையில் இருந்தது.

மெக்கானிக் தன் பாதி விரலைத் தடவிக்கொண்டார்.

"எப்பவும் நானே பாத்துதான் சார் அடில போவேன். இன்னிக்கு உங்க பேப்பர நம்பிப் போய்ட்டேன்."

முந்தைய மாலை போட்டது என்று சொன்னேன். சொல்லும்போது, முப்பது வருடத்தில் எத்தனை வியாழக்கிழமைகள் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. அதை முடிக்க விரும்பவில்லை.

"நல்ல ஆளு சார் நீங்க" என்றார். பாராட்டு அல்ல. பிறகு ஜாக்கியைத் தானே எடுத்து வந்து வைத்தார்.

இரண்டாம் பக்கத்தைப் புதிதாக எழுதினேன், கட்டங்களைக் காலியாக விட்டு. என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தாள். பேனா அவளிடம் இருந்தது. யாரும் தரவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். பழைய எஞ்சின் எந்தச் சத்தமும் இல்லாமல் மேலே வந்தது. மூன்றாம் நாள் படப்பை எஞ்சின் உள்ளே போனது. ஆயில், தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பியதும் ஒரு இருமலோடு ஓடத் தொடங்கியது.

கடைசி டிக் போட அவள் பேடை என்னிடம் நீட்டினாள். முப்பத்திரண்டாவதாக ஒன்றை அவளே எழுதிச் சேர்த்திருந்தாள்: மெக்கானிக்கின் விரல்கள்.

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அருகே போய் எண்ணினேன். ஒன்பதரை. வந்த அன்று இருந்த அதே ஒன்பதரை.

"இன்னா சார் அப்டி பாக்கறீங்க?"

கட்டத்தில் டிக் போட்டேன்.