தொட்டுப் பார்க்காத நாடி

குழந்தைகளின் இதயத்தை ஸ்கேன் எடுக்கும் எங்கள் எக்கோ அறையில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டவுட்டு டாக்டர். குழந்தை வைத்தியம் படித்து முடித்து, அதற்கும் மேல் குழந்தைகளின் இதயத்துக்கென்றே மூன்று வருடப் பயிற்சிக்கு வந்தவள். என் கடைசித் தங்கை வயதுதான், அதனால் அவள் இவள் என்றுதான் எனக்கு வரும். "சிஸ்டர், இந்தப் பாப்பா உதடு நீலமா இருக்கா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சோறு தண்ணி மறந்து திரையில் அந்தச் சின்னஞ்சிறு இதயங்களையே பார்த்துக்கொண்டிருப்பவளைத் திட்ட மனசும் வராது.

என் வேலை தூங்க வைப்பது. அழுகிற குழந்தைக்கு எக்கோ எடுக்க முடியாது. இருபத்தொரு வருடமாக இதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஒரு திங்கட்கிழமை, பிறந்து இரண்டே நாளான பெண்குழந்தை வந்தது. நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறதென்று அனுப்பியிருந்தார்கள். ஒரு மணி நேரம் என் உயிரை வாங்கிவிட்டுத்தான் கண்ணயர்ந்தது. படமெடுத்து முடித்ததும், தொடை இடுக்கில் நாடி பார்க்க டவுட்டு டாக்டர் அரைத்துணியை அவிழ்க்கப் போனாள்.

"ஐயோ டாக்டர், புண்ணியமாப் போகும், எழுப்பித் தொலைக்காதீங்க! படந்தான் நல்லா இருக்கே. வெளிய இன்னும் ஆறு பேர் உக்காந்திருக்காங்க" என்றேன்.

நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினாள்.

வியாழன் மதியம் பயிற்சி டாக்டர்கள் அந்த வாரத்துப் படங்களைப் பெரிய டாக்டரிடம் காட்டுவது வழக்கம். அந்தக் குழந்தையின் படம் வந்ததும் அவர் நிறுத்தினார். "குழாய் இன்னும் மூடலையே. தொடையில நாடி எப்படி இருந்துச்சு?"

இதயத்தை ஒட்டியிருக்கும், பிறந்த சில நாளில் தானாக மூடிக்கொள்ளும் குழாய் அது. திறந்திருக்கும்வரை, பெரிய ரத்தக்குழாயில் சுருக்கம் இருந்தாலும் படத்தில் பிடிபடாமல் போகலாம். மூடிவிட்டால் இடுப்புக்குக் கீழே ரத்தம் சரியாகப் போகாது. அதனால்தான் படம் எப்படி இருந்தாலும் விரலால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

"பார்க்கல சார்" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. நான் கையிலிருந்த ஃபைலில் தாயின் போன் நம்பரைத் தேடினேன்.

தாயின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஏழு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, ஃபைலில் இருந்த முகவரியை எழுதிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வண்டியில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. போகிற வழியெல்லாம் சிவப்பு சிக்னல். நாசமாய்ப் போக!

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த தாய் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவாப் பேசுங்க, பாப்பா தூங்குறா. அதான் போனைக்கூட சைலண்ட்ல வெச்சிருக்கேன். காலையிலேருந்து நல்ல தூக்கம், பாலுக்குக்கூட எந்திரிக்கல." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அது தூக்கமில்லை, மயக்கம். டவுட்டு டாக்டர் குழந்தையின் துணியை அவிழ்த்துத் தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்தாள். மறுபக்கம் மாற்றி வைத்தாள். நான் பாதத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

"நாடியே இல்ல சிஸ்டர்."

குழந்தையை மார்போடு அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். தாய் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழாயைத் திரும்பத் திறக்கும் மருந்தை ஏற்றினார்கள். பாதம் சூடாக இரண்டு மணி நேரம் ஆனது. "பிழைச்சுக்கும். ஆனா கிட்னி என்ன ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் பெரிய டாக்டர்.

தீவிர சிகிச்சை அறை வாசலில் தாய் டவுட்டு டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "வீடு தேடி வந்து காப்பாத்தினீங்களே, நல்லா இருப்பீங்கம்மா!"

"இல்லம்மா. திங்கக்கிழமையே தொட்டுப் பார்த்திருக்கணும். நான் பார்க்கல."

தாய் கையை விட்டாள். "ஏன்? ஏன் பார்க்கல?"

என் இருபத்தொரு வருடப் பேரும் அந்த ஒரு பதிலில் இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தப்புதாம்மா. வேற காரணம் எதுவும் இல்ல."

தாய் அவளை விட்டு விலகினாள். பிறகு என் தோளில் வந்து சாய்ந்தாள். "சிஸ்டர், நீங்க உள்ள போய் என் பிள்ளையைப் பார்த்துக்கோங்க. அவங்க வேண்டாம்."

நான் சரி என்று தலையாட்டினேன்.