ஆரஞ்சுச் சாற்றோடு கொடைக்கானல் ஏறிய எஃகுக் கலன்

அறுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம் நானும் தோழி சற்குணமும் கொடைக்கானல் போனோம். ஏரி பார்க்க அல்ல. மதுரைக் கல்லூரி ஒன்றில் இருவரும் இயற்பியல் சொல்லிக்கொடுத்தோம். கொடைக்கானலில் கூடிய பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை காட்ட வேண்டியிருந்தது. சூரியனுக்குள் நடப்பதுபோல் அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்க வெளிநாடுகளில் முயன்றுகொண்டிருந்த காலம். அந்த உலைகளின் உட்சுவரில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் உள்ளிருக்கும் வாயுவில் கலந்து சூட்டைக் குடித்துவிடும். சுவரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று காட்ட, குடத்தளவில் ஒரு எஃகுக் கலன் செய்து வைத்திருந்தோம்.

கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து ஐம்பது மைல். வெள்ளனே பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். வத்தலக்குண்டில் இட்லி அருமை, ஆனால் மலை வளைவுகளை நினைத்து அளவாகச் சாப்பிடுங்கள். சற்குணம் ஆறு சாப்பிட்டாள்.

மலை ஏறியதும் அவளுக்குத் தலை சுற்றியது. அவளைப் பிடித்துக்கொள்வதற்காக, துணியால் வாய் கட்டிய கலனைப் பக்கத்து இருக்கைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். பண்ணைக்காட்டில் காப்பித் தோட்ட வேலை அவருக்கு. இறங்கும்போது சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார்.

"வாந்திக்கு ஆரஞ்சு நல்லதுங்க டீச்சர். உரிச்சு உள்ள போட்டுருக்கேன், வெரசா கொடுங்க."

கையுறை இல்லாமல் நாங்களே தொடாத சுவர் முழுக்கச் சாறு! சற்குணம் என்னைப் பார்த்தாள். வேறென்ன செய்ய, சுளைகளைத் தின்றோம். அப்படியொரு இனிப்பு.

பஜாரில் ஹமீது பாய் கடையில் ஸ்பிரிட் கேட்டோம்.

"இம்புட்டு எதுக்கும்மா?"

"சட்டி கழுவத்தான், பாய்."

"ஸ்பிரிட்டுல கழுவுற சட்டியில என்னத்தம்மா சமைப்பீங்க?"

"சூரியனை" என்றாள் சற்குணம்.

சோப்பு, வெந்நீர், ஸ்பிரிட் என்று கழுவிச் சூடேற்றி வைத்தோம். மறுநாள் ஆசிரியர்கள் முன்னால் பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி, துளி ஹைட்ரஜன் விட்டு, மின்சாரம் பாய்ச்சினேன். கண்ணாடி ஜன்னலுக்குள் ரோஜா நிறம் ஒளிர வேண்டும். வெளிறிய நீலம்தான் வந்தது.

"கெட்டுப்போச்சுங்களா?" என்று யாரோ கேட்டார்.

"இல்லைங்க. நீங்க பாக்குறது அழுக்கு" என்றாள் சற்குணம். "ஒளிருற வாயு செவுத்துல மோதி அதப் பெயர்க்குது. பம்ப் வெளிய இழுக்குது. பொறுத்துப் பாருங்க."

யாரும் எழுந்து போகவில்லை. நீலம் மெல்லக் கரைந்தது. "ஏலே, செவக்குது பாரு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கைதட்டலில் பம்ப் சத்தமே கேட்கவில்லை. சுத்தமான கலனாக இருந்திருந்தால் இப்படிக் கண்ணெதிரே காட்டியிருக்கவே முடியாது.

இப்படி ஏதாவது கொண்டுபோகிறவர்கள் கலனின் வாயைத் துணியால் கட்டாமல் தகடு வைத்து முடுக்குங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் வாங்காதீர்கள். நாங்கள் வாங்கியது வீணானது. பக்கத்து மலைக்கிராமம் கவுஞ்சியின் ஆசிரியர் ஒருவர், "நாளைக்கும் இருங்க, எங்கூருப் பிள்ளைகளக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை பிள்ளைகள் முட்டைக்கோஸ் லாரியின் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாக அந்தச் சின்ன ஜன்னலில் பதிந்து, ரோஜா நிறமாகித் திரும்பியது.