மாமாவின் படகுக்கு நான் ஈடு

மாமா வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலையாக என் கொலுசைக் கழற்றுவார்கள். அம்மா உலை வைக்கப் போவாள். அப்பா என்னை உட்காரவைத்து இரண்டு திருகாணிகளையும் தானே கழற்றி, கொலுசை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போய் "வாடா, இப்பத்தான் வர்றியா?" என்று மாமாவை வரவேற்பார். இதில் விசித்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. மற்ற வீடுகளில் விருந்தாளி வந்தால் பாய் விரிப்பார்கள், எங்கள் வீட்டில் கொலுசு கழற்றுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

காரணம் பிறகு தெரிந்தது. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது என் முதல் கொலுசின் திருகாணி தளர்ந்துவிட்டது. அம்மாவின் தம்பியான இந்த மாமா, ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்து வருகிறேன் என்று வாங்கிப் போனார். கொலுசு திரும்பவில்லை. ஆசாரி ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொல்லி, பெரியபாளையத்து அம்மன் மேல் சத்தியமும் செய்தார். அம்மா நம்பினாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். அப்பா நம்பவில்லை.

அப்பா எதையும் எளிதில் நம்புகிறவர் இல்லை. உரக்கடைத் தராசை நம்பமாட்டார், மழை வரும் என்று டிவியில் சொன்னால் நெல்லைக் காயப்போடுவார். கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். நாற்று நடவில் முழங்கால் சேற்றில் நாளெல்லாம் நிற்பார். ஆனால் முழங்காலுக்கு மேல் ஏறும் தண்ணீரை மட்டும் அவர் நம்பியதே கிடையாது. நீச்சல் தெரியாது. கிணற்றை எட்டிப் பார்க்கும்போதுகூட ஒரு கை பம்புசெட் சுவரைப் பிடித்திருக்கும். அவருக்குப் பிறந்தவள் நான். எட்டு வயதிலேயே பென்சில் டப்பாவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

அப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு நாள் மாமா ஒரு படகைக் கொண்டுவந்து நிறுத்தினார். குட்டியானை வண்டிக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர், அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு சின்னப் பாய்ப்படகு. மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டிரைவராக இருந்தார். அங்கே வேலைபார்த்த வெளிநாட்டு இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டு ஏரியில் இந்தப் படகை ஓட்டுவாராம். கூடப் போய்த் தண்ணீரில் தள்ளி, ஏற்றி, ஓட்டவும் கற்றுக்கொண்டவர் மாமா. இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது, எடுத்துப்போக வழியில்லாமல், நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாராம்.

"சும்மாவா குடுத்தான்?" என்றார் அப்பா.

"சும்மாதான் மாமா. ஆத்தா மேல சத்தியம்." என் மாமா என் அப்பாவையும் மாமா என்றுதான் கூப்பிடுவார். அக்காள் புருஷன் ஆயிற்றே.

அப்பா படகைச் சுற்றிச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். இளநீர் பார்ப்பவரைப் போலக் காதை வைத்துக் கேட்டார். "உள்ள காலியா கீது. இன்னாத்துக்குக் காலியா வெச்சிருக்கான்?"

"காத்து மாமா. அதான் மெதக்குது."

அப்பாவுக்குத் திருப்தியில்லை. ஆனால் டிரெய்லரை அவருக்குப் பிடித்துவிட்டது. வைக்கோல் ஏற்ற, உரமூட்டை ஏற்ற அளவெடுத்தாற்போல் இருந்தது. கடைசியில் பேசி முடித்தார்கள். படகு எங்கள் மாட்டுக்கொட்டகை ஓரமாக இருக்கலாம், இடத்துக்குப் பதிலாக டிரெய்லர் அப்பாவுக்கு. மறுநாளே அதன் கொக்கியை வெல்டிங் பட்டறையில் மாற்றி எங்கள் டிராக்டருக்குப் பொருத்திவிட்டார்.

மழைக்காலம் போய், கோடை விடுமுறை வந்ததும் மாமாவுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் விட்டுப் பார்க்கவேண்டும், டிரெய்லரை ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டார். அப்பா இரவெல்லாம் யோசித்தார். காலையில் அம்மாவிடம் சொன்னார்: "அது திருட்டுப் படகா இருந்தா இன்னா பண்ணுவ? உன் தம்பி பாட்டுக்குப் பாயை ஏத்திக்கினு ஆந்திராப் பக்கம் பூட்டான்னா, கேக்க வர்றவன் என் டிரெய்லரைத்தான் புடிப்பான்."

"அப்ப குடுக்காத" என்றாள் அம்மா.

கொடுக்காமலும் இருக்க முடியவில்லை, மைத்துனன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். அதனால் டிராக்டரைத் தானே ஓட்டி வருவதாகச் சொன்னார். அந்த டிராக்டரின் சாவியை அப்பா யாரிடமும் கொடுத்ததில்லை, மாமாவிடம் நிச்சயமாகக் கிடையாது. என் கொலுசைக் கழற்றி டிரம்மில் வைத்தார். பிறகு என்னையும் கிளம்பச் சொன்னார்.

பொன்னேரியில் காலை நாஷ்டா. அங்கிருந்து பழவேற்காடு. நான் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து, பின்னால் படகுக்குள் இருந்த மாமா வழியில் படகோடு இறங்கி ஓடிவிடாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏரிக்கரையில், மீனவர்கள் படகு ஏற்றும் சரிவில், வண்டியை நிறுத்தினோம். மாமா கம்பத்தை நட்டார், பாயைக் கட்டினார். பக்கத்தில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களையே வேடிக்கை பார்த்தாள்.

ரிவர்ஸ் எடுப்பதில் அப்பா கெட்டிக்காரர். கோடு கிழித்ததுபோல டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினார். அவருடைய கால் நனையவில்லை. சக்கரம் முழுகியது. படகு எழும்ப வேண்டும். எழும்பியது, ஆனால் டிரெய்லரையும் தூக்கிக்கொண்டு எழும்பியது! டிராக்டர் கொக்கி கிறீச்சென்று அலறியது.

"மாமா, கயித்தை அவுக்கலியா நீ?" என்று கத்தினார் மாமா, இடுப்பளவு தண்ணீரிலிருந்து.

அவிழ்க்கவில்லை. வைக்கோல் போருக்குப் போடுவதுபோல் இறுக்கிப் போட்ட கயிறுகளில் முன்கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டுப் பின்கயிற்றை அப்பா வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார். "மொத்தமா அவுத்தா அது பாட்டுக்குப் பூடும்ல?" என்றார். போவதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்று அவருக்குப் புரியவைக்கச் சிறிது நேரம் பிடித்தது. இறால்காரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கயிறு அவிழ்ந்தது. படகு தண்ணீரில் நின்று ஆடியது. மாமா ஏறப்போனபோது அப்பா ஒரு கையை நீட்டினார். "ஃபோனைக் குடு."

"ஃபோன் எதுக்கு மாமா?"

"நனைஞ்சிடும்." அக்கரையில் யாராவது காத்திருந்து மாமா அவர்களுக்கு ஃபோன் போடக்கூடும் என்பது உண்மையான காரணம். வழியில் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஃபோனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படகில் கிடந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை எனக்கு மாட்டி, என்னைத் தூக்கி மாமாவிடம் கொடுத்தார். "பாப்பாவும் வருது. சீக்கிரம் வந்துடு." என் காதில் குனிந்து, "மாமாவைப் பாத்துக்கோ, நீ இருந்தா அவன் எங்கியும் போவ மாட்டான்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைப் படகுக்குக் காவல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். படகுக்கு ஈடாக வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

போகும்போது காற்று முதுகில் தள்ளியது. பாய் புடைத்து, படகு வழுக்கிக்கொண்டு போனது. கரை சின்னதாகி, டிராக்டர் ஒரு சிவப்புப் புள்ளியாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. மாமா பாட்டுப் பாடினார். "இன்னா பாப்பா, நடந்தா சத்தமே காணோம், கொலுசு எங்க?" என்று கேட்டார். எப்போதும் கேட்பதுதான். "ஊட்ல" என்றேன். மாமா சிரித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார்.

"போலாமா" என்று படகைத் திருப்பியபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கரை நேராக எதிரே இருந்தது, மாமா படகை வலப்பக்கமாக ஓட்டினார். வெகுதூரம் போய் இடப்பக்கமாகத் திருப்பினார். மறுபடி வலப்பக்கம்.

"கர அங்க கீது. நீ இங்க போறியே?"

"காத்துக்கு எதுக்க நேராப் போவ முடியாது பாப்பா. குறுக்க குறுக்கப் போய்த்தான் கரை சேரணும்."

நான் நம்பவில்லை. கரைக்குப் போகிறவன் எவனாவது கரையைவிட்டு விலகிப் போவானா? கொலுசு விஷயத்திலும் இப்படித்தான் ஏதோ சொல்லியிருப்பார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய சட்டை முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போனால் என்னோடுதான் போகவேண்டும். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கவும் தொடங்கிவிட்டது.

கடைசியில் கரை தெரிந்தது. ஆனால் டிராக்டருக்கு வெகுதூரம் முன்னாலேயே, ஏரியின் நடுவில் ஒரு தலை தெரிந்தது. தலை, கழுத்து, தூக்கிப் பிடித்த ஒரு கை. அருகில் வந்ததும்தான் அது அப்பா என்று தெரிந்தது. மார்பைத் தாண்டித் தண்ணீர் இருந்தது. மாமா சட்டென்று பாயை இறக்கினார்.

அப்பா தடுமாறிக்கொண்டே வந்து, படகின் விளிம்புக்கு மேல் கைகளைப் போட்டு, என் இரண்டு கணுக்கால்களையும் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார், வலித்தது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நேரம் காவல் காத்து, மாமாவைத் திரும்பக் கூட்டிவந்திருக்கிறேன், இவர் கொலுசைத் தேடுகிறாரே! "கொலுசு ஊட்லப்பா. நீதான கழட்டி டிரம்முல வெச்ச?" என்றேன். மறந்துவிட்டார் போலிருக்கிறது. சொன்ன பிறகும் விடவில்லை. மாமா தண்ணீரில் இறங்கிப் படகைக் கரைக்குத் தள்ள, அப்பா ஒரு கணுக்காலைப் பிடித்தபடியே கூட நடந்து வந்தார்.

முழங்காலளவுத் தண்ணீர் வந்ததும் படகை டிரெய்லரில் ஏற்றவேண்டியிருந்தது. அப்பா மாமாவைப் பார்க்காமல் சொன்னார்: "சாவி வண்டிலயே கீது. நீயே ரிவர்ஸ் எடு."

மாமா திரும்பிப் பார்த்தார், தன்னிடம்தான் சொல்கிறாரா என்பதுபோல. பிறகு போய் டிராக்டரில் ஏறினார். கார் ஓட்டுகிறவர்தான், டிராக்டர் அவருக்குப் பழக்கமில்லை. டிரெய்லர் ஒருமுறை இந்தப் பக்கம் மடங்கியது, ஒருமுறை அந்தப் பக்கம். சின்னக் கோணலுக்கே வசைபாடுகிற அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவழியாக டிரெய்லர் நேராக இறங்கியது, படகை அதன் மேல் நிறுத்தி, கயிற்றைச் சுற்றி இழுத்து ஏற்றினார்கள். நான் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உங்கப்பா இன்னா பேஜாரு பண்ட்டாரு தெரியுமா?" என்றாள் இறால்காரம்மாள். "படகு அங்கயும் இங்கயும் போவுது, ஓடறான் ஓடறான்னு ஃபோன் போட்டுக்கினே கீறாரு. அது அவுரு சட்டைப் பாக்கெட்லயே அடிக்குது! காத்துதான் நைனா, வந்துருவாங்கன்னு சொல்லச் சொல்ல, எம் மடில ரெண்டு ஃபோனையும் போட்டுட்டுத் தண்ணில எறங்கிட்டாரு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அப்பா குனிந்து பின்கயிற்றை முடிபோட்டுக்கொண்டிருந்தார், மூன்று முறை போட்டும் முடிச்சு விழவில்லை. ஈர வேட்டியில் குளிர்கிறது போலும் என்று நினைத்தேன். சித்திரை மாதத்து வெயிலில்!

வீட்டுக்கு வந்ததும் மாமா சாப்பிட உட்கார்ந்தார். அப்பா நேராக அரிசி டிரம்முக்குப் போய்க் கொலுசை எடுத்துவந்தார். என் காலைத் தன் மடியில் வைத்து, மாமா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாட்டத் தொடங்கினார். அன்றைக்கு அவருக்கு மறதி அளவுக்குமீறிப் போய்விட்டது என்று எனக்குக் கவலையாகிவிட்டது. குனிந்து அவர் காதில் சொன்னேன்: "அப்பா, மாமா இன்னும் போவல. இங்கதான் கீறாரு."

"இருக்கட்டும்" என்றார் அப்பா, திருகாணியைத் திருகிக்கொண்டே.

அம்மா மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் மட்டும், அவர் கைகழுவி, விடைபெற்று, தெருமுனை திரும்பும்வரை, இரண்டு கால்களையும் பாவாடைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.