இடது பக்கச் சில்லு

எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையில் கொங்கிரீட் முடிகிற இடத்தில் ஒரு பலாமரம் நிற்கிறது. அதற்கு மேல் ஒன்றரை மைல் வெறும் மண். மழைக் காலத்தில் த்ரீவீல்காரர்கள் அந்த மரத்தடியிலேயே சாமானை இறக்கி வைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். மேலே ஏறுவது எங்கள் ஜீப் மட்டும்தான்.

இந்தக் காலத்து வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்குமாம். எங்களுடையது பழைய ஜப்பான் டீசல் ஜீப். முன்சில்லு இரண்டின் நடுவிலும் உள்ளங்கை அளவில் ஒரு திருகு இருக்கும். ஹப் லொக் என்பார்கள். மண் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், அதைக் கையால் வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இரண்டையும் திருப்ப வேண்டும். ஒன்றை மறந்தால் வண்டி பாதி வழியில் நின்று சேற்றை வாரி இறைக்கும். திருப்பிவிட்டு உள்ளே வந்து சின்ன கியரை இழுத்தால்தான் முன்சில்லுகளுக்கு உயிர் வரும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி இறங்கி, மறுபடி திருப்பி விட வேண்டும்.

நான் ஒரு தோட்டத்து ஒபீஸில் கிளாக்கராக இருந்தவன். ஓய்வு பெற்றதும் ரத்தோட்டைக்கு மேலே மிளகும் கராம்பும் நிற்கும் ஒரு துண்டுக் காணியையும், அதற்குப் போக இந்த ஜீப்பையும் வாங்கினேன். எட்டு வருடம் நானும் மனைவியும் சேர்ந்து ஏறி இறங்கினோம். வலது சில்லு என் பொறுப்பு. இடது சில்லு அவளுடையது. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. ஓட்டுகிறவன் வலப்பக்கம் இறங்குகிறான், பக்கத்தில் இருப்பவள் இடப்பக்கம் இறங்குகிறாள், அவ்வளவுதான்.

அவள் ஒரு நாளும் சும்மா இறங்கியதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே தொடங்குவாள்.

"ஊர்ல மத்தப் பொம்பளைங்க எல்லாம் வீட்டு வாசல்ல போயி இறங்குறாங்க. நான் மட்டும் சேத்துல நின்னுக்கிட்டு டயரத் திருகிக்கிட்டு இருக்கேன்."

திருகு இறுகிப் போயிருந்தால் செருப்பைக் கழற்றி நாலு அடி போடுவாள். நான் உதவிக்குப் போனால், "நீங்க ஒங்க பக்கத்தப் பாருங்க" என்று முழங்கையால் தள்ளிவிடுவாள். பிறகு ஏறி உட்கார்ந்து, கையை டாஷ்போர்டுக்குக் கீழே கிடக்கும் துணியில் துடைத்து, "ம், போங்க" என்பாள். அந்த 'ம், போங்க' வராமல் நான் கிளச்சை விட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கிறாள், பேங்கில் வேலை. மனைவி இரண்டு மாதத்துக்கென்று போனாள். பிள்ளை தவழட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், இப்போது நர்சரிக்குப் போகட்டும் என்கிறார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கேட்கிறவர்களுக்கு, "அவ மகள் வீட்ல இருக்கா" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இது ஒரு துக்கம் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே கொஞ்ச காலம் தோன்றவில்லை.

தனியாக இருப்பவனுக்கு வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? ஒரு தட்டு, ஒரு கோப்பை. கழுவிக் கவிழ்த்தால் எட்டு மணிக்குள் அன்றைய வேலை முடிந்துவிடும். அதனால் ஜீப்பின் அடியில் படுக்கத் தொடங்கினேன். ஓடையைக் கடந்து வந்த நாளில் முன் டிஃபரன்ஷல் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்ப்பேன். அது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கிறீஸ் அடிப்பேன். டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்குவேன். அடிப்பாகத்துச் சேற்றை ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவேன். இவ்வளவு பணிவிடையை நான் மனைவிக்குச் செய்ததில்லை என்பது எனக்கும் தெரியும்.

மாலையில் அவள் வீடியோ கோல் எடுப்பாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்குப் பிறகு சொல்ல என்னிடம் ஜீப்பைத் தவிர வேறு செய்தி இருக்காது. அதையே சொல்வேன். அவளும் ஒரு காதால் கேட்டுக்கொண்டு, ஒரு கையால் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள்.

போன கார்த்திகையில் இங்கே மழை விடாமல் அடித்தது. ஒரு மாலை அவளிடம், "எப்பத்தான் வரப்போற?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இந்த மழையிலயா? அந்தச் சேத்துல யாருங்க இறங்குவா?"

மூளை உள்ளவன் சிரித்துவிட்டு விட்டிருப்பான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஓ, இதுதான் தடையா, இதைச் சரிசெய்துவிட்டால் வந்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. மறு வாரமே ரத்தோட்டையில் என் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். நாங்கள் அவரை பாஸ் என்று கூப்பிடுவோம். ஹப் லொக்கைக் கழற்றிவிட்டு மொட்டைத் தட்டுப் போடச் சொன்னேன். அதைப் போட்டால் முன்சில்லுகள் எப்போதும் பூட்டியபடியே இருக்கும். யாரும் இறங்க வேண்டியதில்லை. உள்ளே இருந்தபடி சின்ன கியரை இழுத்தால் போதும்.

பாஸுக்கு அதில் விருப்பம் இல்லை. தார் ரோட்டிலும் முன் அக்சில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஸ்டியரிங் கனக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இடப்பக்கம் இறங்க ஆள் இல்லையா?" என்று கேட்டார்.

"ஆள் வரப்போகுது. அவங்கள இறக்கக் கூடாதுன்னுதான் மாத்துறேன்" என்றேன்.

அது முழு உண்மையில்லை. மூன்று வருடமாக நானே இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்து, அவளுடைய சில்லையும் திருப்பிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலிப்பது ஒரு பக்கம். அந்தப் பக்கம் குனியும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு மாதிரி இருக்கும், அது இன்னொரு பக்கம். அதையும் சேர்த்துத்தான் கழற்றச் சொன்னேன்.

மார்கழியில் அவள் வந்தாள். ஹட்டனில் இருந்து சம்பந்தியம்மா பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்ததால் இவளுக்குப் பத்து நாள் கிடைத்தது. மாத்தளை பஸ் ஸ்டேண்டில் அவளைக் கண்டதும் பையை வாங்கிக்கொண்டு, "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டேன். வழியெல்லாம் பேத்தி கதை. பலாமரத்தடிக்கு வந்தபோது தூறல் போட்டது. சின்ன கியரை இழுப்பதற்காக வண்டியை நிறுத்தினேன். அடுத்த நொடி அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"இந்தா, இறங்காத" என்று சொல்வதற்குள் சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றாள். மூன்று வருடம் வத்தளையில் டைல்ஸ் தரையில் நடந்தவள், ஒரு நிமிடம் கூட யோசிக்காமல் இறங்கிவிட்டாள். "ஒங்க சனியன் பிடிச்ச திருகு இன்னும் இருக்கா, இல்ல செத்துருச்சா?" என்று வழக்கம்போல் திட்டிக்கொண்டே முன்சில்லுக்குப் போனாள். குனிந்தாள். நிமிரவில்லை.

நான் இறங்கிப் போனேன். அவள் கை மொட்டைத் தட்டின் மேல் இருந்தது. திருப்புவதற்கு அதில் ஒன்றும் இல்லை, சுற்றிவர ஆறு போல்ட் மட்டும்.

"எங்க இது?"

"கழட்டியாச்சு. இனி யாரும் இறங்க வேணாம். உள்ளுக்கிருந்தே போட்டுக்கலாம்" என்றேன். பரிசு கொடுப்பவனைப் போலத்தான் சொன்னேன்.

அவள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லதுதான். ஒத்த ஆளா ஓட்டிக்கலாம்" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். துணியைத் தேடவில்லை, கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டாள். 'ம், போங்க' என்று சொல்வாளா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு வழுக்கல் இல்லாமல் ஏறியது.

வீட்டிலும் அவள் வந்து தங்கும் ஆள் போலவே இருந்தாள். சீனி எங்கே, தேயிலை எங்கே என்று கேட்டுக் கேட்டு எடுத்தாள். நான் ஒவ்வொன்றையும் என் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றியிருந்தேன். கேட்பதற்கு முன்னே எழுந்து எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு ஓய்வு கொடுக்கிறேனாம்.

எட்டாம் நாள் மாலை மகள் எனக்குக் கோல் எடுத்தாள். "அப்பா, மாமி பங்குனி வரைக்கும் இங்க இருக்கேன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு அங்க இருக்க விருப்பம்னா இருக்கட்டும். ஒங்களுக்குத் தனியா கஷ்டமா இருக்கா, சொல்லுங்கப்பா. கஷ்டம்னா அம்மா அங்கயே நிப்பாங்க."

மூன்று வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது. அடுத்த அறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளிடம், மனைவிக்குக் கேட்கும்படி, எனக்குக் கஷ்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க யாரிடமும் அப்படிச் சொல்லிப் பழகாதவன்.

"எனக்கென்ன கஷ்டம்? ராஜா மாதிரி இருக்கேன். அம்மா இஷ்டம், அவளுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யட்டும்" என்றேன்.

அடுத்த அறையில் துணி உதறும் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டது. அவள் வந்து ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் டயருக்குக் காற்றுப் பார்க்கப் போனேன். காலையில்தான் பார்த்திருந்தேன்.

பத்தாம் நாள் கொழும்பு பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். "ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள். "நீயும்" என்றேன். மாத்தளையில் டீசல் அடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ரத்தோட்டைச் சந்தியில் ரிவர்ஸ்டன் மலை பார்க்க வந்த பெடியன்கள் நாலு பேர் கைகாட்டி, ஜீப் ஹயருக்கு வருமா என்று கேட்டார்கள். அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். அவர்கள் செய்த குற்றம் சத்தமாகச் சிரித்துக்கொண்டு நின்றதுதான்.

பலாமரத்தடிக்கு வந்ததும் நிறுத்தினேன். சின்ன கியரை இழுத்தேன். ஆனால் கிளச்சை விட மனம் வரவில்லை. மேலே போய்க் கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருக்கப் போவதில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு அவளுக்குக் கோல் எடுத்தேன். பஸ் கடுகண்ணாவை மலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, வண்டி ஏறலையா?" என்றாள் பதறி.

"வண்டி ஏறும். எனக்குத்தான் முடியல. நீ இல்லாம எனக்கு அங்க முடியல" என்றேன். அறுபத்தாறு வயதில், ஒரு மரத்தடியில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முதன்முதலாகச் சொன்னேன்.

 பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில் அவளுடைய குரல் மிகவும் மெதுவாக வந்தது.

"இத முந்தாநேத்து சொல்லியிருக்கலாமே. நான் போய்ச் சேர்ற வரைக்கும் பிள்ளையப் பாக்க மகள் லீவு போட்டுட்டு இருக்கா. நான் வர்றேன்னுதான் சம்பந்தியம்மா காலையிலேயே ஊருக்குப் போயிட்டாங்க."